காலி அட்டை

ரேணுகாவுக்குக் கிடைத்த வேலையின் பெயரை அவளுடைய அப்பாவால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. நடத்தை அறிவியல் பயிற்சி ஆய்வாளர். மதுராந்தகத்தில் நெல் மூட்டை ஏற்றுகிற லாரி இரண்டு வைத்திருந்த கோதண்டராமன், யாராவது கேட்டால், பொண்ணு செங்கல்பட்டில் டாக்டர்களோடு இருக்கிறது என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவார். கேட்டவர்களுக்கும் அதற்குமேல் தெரிந்துகொள்ள ஆசை இருந்ததில்லை. ஒழுங்காக நடந்துகொள்வதற்கு ஒரு அறிவியலா என்று ஒரு பெரியப்பா மட்டும் கேட்டுவிட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

அது இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம், ஜூன் மாதம். செங்கல்பட்டில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று, படிப்பை முடித்து வந்த இளம் ஆய்வாளர்கள் ஆறு பேரை உதவித்தொகை கொடுத்து ஒரு வருஷப் பயிற்சிக்கு எடுத்தது. மருந்து உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அங்கே வேறு ஆட்கள் இருந்தார்கள். இந்த ஆறு பேரும் பார்க்க வேண்டியது, கையில் கொடுத்த மருந்தை மனுஷன் ஏன் விழுங்காமல் இருக்கிறான் என்பதை. வருஷக் கடைசியில் ஒவ்வொருவரும் தன் ஆய்வை ஒரு குழுவின் முன்னால் வைக்க வேண்டும். அதில் இரண்டு பேருக்கு மூன்று வருஷ வேலை. மற்ற நாலு பேருக்குச் சான்றிதழ்.

கோதண்டராமனும் ஒரு வருஷம்தான் கொடுத்திருந்தார். வேலை நிலைத்தால் நல்லது, இல்லையென்றால் வந்தவாசியிலிருந்து வந்து அலமாரியில் கிடக்கும் ஜாதகத்தை எடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற மனிதர். அதனால் அந்த இரண்டு இடத்தில் ஒன்று தனக்கு வேண்டும் என்று ரேணுகா வெளியே சொல்லாமல், ஆனால் உள்ளூர வெறியோடு உழைத்தாள்.

காசநோய் மருந்து ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு வேளையும் ஆள் பார்க்க விழுங்க வேண்டும். அடுத்த நாலு மாதத்தில் திங்கட்கிழமை வேளை மட்டும் ஆள் பார்க்க. புதன், வெள்ளிக்கான மாத்திரையை அட்டையோடு கையில் கொடுத்து அனுப்புவார்கள். அடுத்த திங்கள் காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனியாக ஒரு பெட்டி, அதன் மேல் அவர் பெயர். இருமல் நின்று உடம்பு தேறியதும் ஜனங்கள் மருந்தை விட்டுவிடுவது இந்த நாலு மாதத்தில்தான்.

ரேணுகாவுக்குக் கொடுத்த இடம், மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரமாக இருந்த மூன்று மீனவக் குப்பங்கள். அங்கே மருந்து சாப்பிடுகிறவர்கள் பதினோரு பேர். அவள் புத்தகத்தில் படித்ததை வைத்து ஒரு வழி செய்தாள். நல்ல காரியத்துக்கு உடனே ஒரு பாராட்டுக் கிடைத்தால் மனுஷன் அதைத் திரும்பத் திரும்பச் செய்வான் என்பது பாடம். திங்கட்கிழமை காலை, முதல் வியாபாரம் முடிந்து எல்லாரும் துணை சுகாதார நிலையத்துக்கு வரும்போது, யார் காலி அட்டையைக் கொண்டுவருகிறார்களோ அவருடைய தாளில் ஒரு நீல மீன் ஒட்டுவாள். ஒட்டியதும் எல்லாரும் கை தட்ட வேண்டும். எட்டு மீன் சேர்ந்தால் ஒரு எவர்சில்வர் தூக்கு.

வயசான வலைக்காரர்கள் முதலில் இதைப் பார்த்து, பாலர் பள்ளிக்கூடமா இது என்று சிரித்தார்கள். மூன்றாவது வாரம் மீன் ஒட்ட மறந்துபோனபோது அவர்களே கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கை தட்டலுக்கு யார்தான் மசியமாட்டார்கள்.

அந்தப் பதினோரு பேரில் முதல் ஆளின் பெயர் வேண்டா. முப்பத்தெட்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகள். விடிந்ததும் மீன் கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். திங்கட்கிழமைகளில் மட்டும் ஊருக்குள்ளேயே விற்பாள். நவம்பரிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறாமல் காலி அட்டை கொண்டுவந்தாள். அதுவும் நசுங்காமல், மடியாமல், பழைய காலண்டர் தாளில் சுற்றி. ரேணுகா அவளை நாற்காலியில் உட்காரவைத்து, வேண்டாக்காவைப் பாருங்கள் என்று மற்றவர்களிடம் சொன்னாள். புதிதாக மருந்து ஆரம்பித்தவர்களுக்கு அவளையே புத்தி சொல்ல வைத்தாள். தூக்கைக் கையில் வாங்கிய அன்றைக்கு வேண்டா அதைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்து பார்த்தாள்.

மையத்தில் பயிற்சியாளர்களைக் கவனித்துக்கொண்டவர் ஷபானா. அதிகம் பேசாதவர், பாராட்டை அதைவிடச் சிக்கனமாகச் செலவழிப்பவர். ஜனவரியில் ரேணுகாவின் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவரே, நன்றாக வருகிறது என்றார். ரேணுகாவுக்குத் தலைகால் புரியவில்லை. பதினோரு பேர், ஒரு அட்டைகூடப் பாக்கியில்லை. வந்தவாசி ஜாதகம் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் வேண்டாவின் ஐந்தாம் மாதச் சளிப் பரிசோதனை வந்தது. கிருமி இருந்தது. இரண்டாம் மாதத்தில் இல்லாத கிருமி, இப்போது நிறையவே இருந்தது.

ரேணுகா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் மாறியிருக்குமோ என்று பார்த்தாள், மாறவில்லை. கூடப் பயிற்சியில் இருந்த ஹரிஹரன் நல்லவன்தான், அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டான். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி என்று ஒன்று உண்டு, ஆயிரத்தில் சிலருக்கு அப்படி ஆகும், அதற்கு உன் ஆய்வு என்ன செய்யும் என்று ஆறுதல் சொன்னான்.

"பதினோரு பேருல ஒருத்தருக்கு மருந்து கேக்கலைன்னு ஒரு வரி எழுதிடு, ரேணுகா. பொய்யும் இல்ல. உன் முறைக்கு ஒரு கொறையும் வராது."

அந்த ஒரு வரி அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ஆனாலும், எழுதுவதற்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்று ஒரு புதன்கிழமை பஸ் ஏறினாள். அதுவரை அவள் குப்பத்துக்குத் திங்கட்கிழமை தவிர வேறு நாளில் போனதே இல்லை.

வேண்டா சந்தைக்குப் போயிருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே மகள் பொன்னி, பத்தொன்பது வயசுப் பெண், ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் இன்னொரு கையில் மாத்திரை அட்டையுமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று மாத்திரை உள்ளங்கையில் விழுந்திருந்தது. சிவப்பு மாத்திரையை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் நிழல் விழுந்ததைப் பார்த்தாள். பார்த்ததும் கையை மூடிக்கொண்டாள். மூடிய கையோடேயே இருமினாள்.

அம்மா எப்போது வருவாள் என்று மட்டும் ரேணுகா கேட்டாள். பன்னிரண்டு மணி பஸ்ஸில் என்றாள் பொன்னி. அந்த மாத்திரையை என்ன செய்யச் சொல்வது என்று ரேணுகாவின் படிப்பில் எங்கேயும் இல்லை. வெளியே வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அவளிடம் அறுபத்திரண்டு கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று இருந்தது. வீட்டில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்பது அதில் நாற்பத்தேழாவது. செப்டம்பரில் கேட்டாள், வேண்டா இல்லை என்றாள். அப்போது அது உண்மை. அதற்கப்புறம் ஐந்து மாதத்தில் அந்தக் கேள்வியை அவள் இன்னொரு தடவை கேட்கவில்லை. ஒவ்வொரு திங்களும் அட்டை காலியாக வந்துகொண்டிருந்தபோது கேள்வி எதற்கு?

பஸ்ஸிலிருந்து காலிக் கூடையோடு இறங்கிய வேண்டா அவளைப் பார்த்தாள். புதன்கிழமை எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. இருவரும் சாலை ஓரத்துச் சவுக்குத் தோப்புக்குள் போனார்கள். வேண்டா கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள். ரேணுகா மணலில் உட்கார்ந்தாள்.

தீபாவளி முடிந்து சில நாளில் பொன்னிக்கு இருமல் ஆரம்பித்ததாம். அதற்கு ஒரு வாரத்துக்கு முன்னால்தான் முட்டுக்காட்டில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. படகுத்துறையில் சம்பள வேலை, கடலுக்குப் போகாத மாப்பிள்ளை. தண்ணீரில் புருஷனைப் பறிகொடுத்த வேண்டாவுக்கு அதைவிடப் பெரிய வரன் உலகத்தில் இல்லை. வைகாசியில் கல்யாணம்.

"அவளுக்கும் ஒரு பெட்டி போட்டா மேல பேரு எழுதுவீங்க. வூடு பாக்க ஆளு வரும். மாப்ளயோட அத்தை நீ மீன் ஒட்டுற இந்த ஆஸ்பத்திரியிலதான் ஆயாவா கீது. அன்னிக்கே முட்டுக்காட்டுக்குத் தெரிஞ்சி பூடும்" என்றாள் வேண்டா. "எனக்குத்தான் நல்லாயிடுச்சே. திங்கக்கெழமது நான் முழுங்குனேன். மத்த ரெண்டும் அவளுக்குக் குட்த்தேன். அவளுக்கு இருமல் கொறைஞ்சிகினே வந்துச்சு."

என்னிடம் ஏன் சொல்லவில்லை, நான் அப்படிப்பட்டவளா என்று கேட்டபோது ரேணுகாவின் குரல் உடைந்துவிட்டது. கோபமும் இருந்தது அதில். தன் நாலு மாத உழைப்பு மண்ணாய்ப் போனதே என்கிற கோபம். இப்படி ஒரு நேரத்தில் அது வந்ததற்காகப் பிற்பாடு அவள் வெட்கப்பட்டாள்.

வேண்டா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சொல்லலாம்னுதான் ரெண்டு வாட்டி வந்தேன், கண்ணு. வந்தா நீ நாற்காலி போட்டுக் குந்த வச்ச. அவ்ளோ பேரு கை தட்டுனாங்க. என் பேரைச் சொல்லி இதுவரிக்கும் ஒருத்தரும் கை தட்டுனதில்ல. அப்பால நான் இன்னான்னு சொல்றது?"

ரேணுகா மணலில் கிடந்த ஒரு சவுக்குக் காயைக் கையில் எடுத்தாள்.

"நீ அட்டையத்தான கேட்ட" என்றாள் வேண்டா. குத்தலாகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டாள். "அட்டை காலியா வந்துச்சா, இல்லியா?"

அன்றைக்கு ரேணுகா செங்கல்பட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தாள். இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் ஷபானாவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஷபானா குறுக்கே பேசவில்லை. முதலில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பெட்டி என்றார். பொன்னியைச் செங்கல்பட்டிலேயே பரிசோதித்தார்கள். நோய் இருந்தது. பெட்டியைச் செங்கல்பட்டிலேயே வைத்தார்கள். வீடு பார்க்கப் போக வேண்டிய ஆளாக ரேணுகாவே போனாள். அவள் வழக்கமாக வருகிறவள்தானே என்று குப்பத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தையல் வகுப்புக்குப் போகிறேன் என்று பக்கத்து வீடுகளுக்குச் சொல்லிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் பொன்னி பஸ் ஏறி வந்து மாத்திரை விழுங்கிவிட்டுப் போனாள். வீட்டுக்குத் தலையான தனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிக் கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளிவைத்தாள் வேண்டா. அதில் பொய்யும் இல்லை.

வேண்டாவுக்கு ஊசியோடு எட்டு மாத மருந்து ஆரம்பித்தார்கள். மார்ச் கடைசியில் ரத்தமாக இருமினாள். ஊருக்கு வெளியே இருந்த பெரிய மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ரேணுகா மீதிப் பத்துப் பேரையும் ஒவ்வொருவராக, அவரவர் இருக்கிற இடத்தில், திங்கட்கிழமை அல்லாத நாளில் போய்ப் பார்த்தாள். மீன் தாளையும் தூக்கையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எந்த மாத்திரை கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டாள். வயிறு எரிகிறது என்று ஒரு வலைக்காரர் வெள்ளிக்கிழமை மாத்திரைகளை மூன்று மாதமாக மணலில் புதைத்துவந்தார். இன்னொரு அம்மாள் கிணற்றில் போட்டிருந்தாள். இருவருமே காலி அட்டையைப் பத்திரமாகத் துடைத்துக் கொண்டுவந்தவர்கள். ஏன் என்று கேட்டால் இருவரும் ஒன்றைத்தான் சொன்னார்கள். நீ சந்தோஷப்படுவியே.

மே மாதம் குழு கூடியது. வெளியூரிலிருந்து நாலு பெரியவர்கள் வந்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள்கூட ஹரிஹரன் அவளிடம் சொன்னான், இவ்வளவும் சொல்ல வேண்டியதில்லை, மூன்று பேரைக் கழித்துவிட்டு எட்டுப் பேரை மட்டும் சொன்னால் போதும், அதுவே நல்ல ஆய்வுதான் என்று. அவன் சொன்னது நடைமுறையில் சரி. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, அப்படிச் செய்து மேலே போனவர்களும் உண்டு. கோதண்டராமன் அன்று காலை போன் செய்து, இன்றைக்குத்தானே முடிவு என்று கேட்டிருந்தார்.

ரேணுகா பதினோரு பேரையும் சொன்னாள். வேண்டாவின் பெயரையும் ஊரையும் சொல்லாமல், ஒரு தாய், ஒரு மகள் என்று மட்டும் சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நாற்பத்தேழாவது கேள்வியையும் சொன்னாள். முடித்ததும் குழுவின் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆக உன் முறை தோற்றுவிட்டது, அப்படித்தானே என்றார்.

"இல்ல சார், முறை ஜெயிச்சுது" என்றாள் ரேணுகா. "எதுக்குக் கை தட்டுனோமோ அது நடந்துது. நான் காலி அட்டைக்குக் கை தட்டுனேன். காலி அட்டை வந்துது."

தலைவர் எதையோ குறித்துக்கொண்டார்.

இடம் ஹரிஹரனுக்கும், பாலா என்கிற இன்னொரு பையனுக்கும் கிடைத்தது. முடிவைச் சொல்ல ஷபானா அவளைத் தனியாக அழைத்தார். அடுத்த வருஷம் வருகிற பயிற்சியாளர்களுக்கு அவளுடைய அறிக்கையையே முதல் பாடமாக வைக்கக் குழு சொல்லியிருக்கிறதாம். நாலு பெரியவர்களுக்கும் அது அவ்வளவு பிடித்துவிட்டதாம். பிடித்துப்போன அறிக்கையை எழுதியவளுக்கு ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஷபானாவுக்கு அதைச் சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது.

ரேணுகா சான்றிதழை வாங்கிக்கொண்டு மதுராந்தகம் போனாள். கோதண்டராமன் ஜாதகத்தை எடுத்தார். அவள் இப்போது வேண்டாம் என்றாள். அவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை, மூன்றாம் நாள் சாப்பிட்டார். அதற்குள் அவள் பக்கத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். சனிக்கிழமை மட்டும் செங்கல்பட்டுக்கு வந்து பொன்னியைப் பார்த்துவிட்டுப் போவாள். மருந்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். பொன்னி நிஜமாகவே தையல் கற்றுக்கொள்ள ஆரம்பித்திருந்தாள்.

ஆகஸ்ட் கடைசியில் பொன்னியின் பெட்டி முடிந்தது. கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு எட்டு நாள் இருந்தது. தாளை எடுத்துக்கொண்டு ரேணுகா வேண்டா இருந்த மருத்துவமனைக்குப் போனாள். அங்கே அவள் போவது அதுதான் முதல் தடவை. இத்தனை மாதம் ஏன் போகவில்லை என்று கேட்டால், பஸ் வசதி இல்லை என்று சொல்லியிருப்பாள். பஸ் வசதி நன்றாகவே இருந்தது.

நீளமான வார்டு. வேண்டாவை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஒரு கூடை மீனைத் தலையில் வைத்துக்கொண்டு வீசி நடந்த பெண், கட்டிலின் ஓரத்தில் ஒரு பிடியாக உட்கார்ந்திருந்தாள். பழைய மருந்து இனி அவளுக்குக் கேட்காது என்று வாசலிலேயே நர்ஸ் சொல்லியிருந்தாள். புதிதாக வேறு மருந்து கொடுத்துப் பார்க்கிறார்களாம், பார்க்கலாம் என்றாள். அந்தப் பார்க்கலாம் எந்த மாதிரிப் பார்க்கலாம் என்று ரேணுகாவுக்குத் தெரியும். எவர்சில்வர் தூக்கு கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது.

ரேணுகா தாளைக் காட்டினாள். பொன்னிக்குச் சரியாகிவிட்டது, முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொன்னாள். வேண்டா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு மடித்து, தூக்கைத் திறந்து, அதற்குள் வைத்து மூடினாள்.

மதிய மருந்து நேரம். நர்ஸ் ஏழு மாத்திரைகளைக் கொண்டுவந்து கையில் கொட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். ரேணுகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பார்க்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"கண்ணு, இங்க பாரு" என்றாள் வேண்டா.

ஒவ்வொன்றாக ஏழையும் விழுங்கினாள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீர் குடித்தாள். கடைசி மாத்திரை இறங்கக் கஷ்டப்பட்டது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழுங்கி முடித்ததும், யாரும் கேட்காமலே, காலியான உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதோடு நிற்கவில்லை. வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி அடியில் காட்டி, அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போதும்க்கா, மூடுங்க, நான் கேக்கலையே என்று ரேணுகா கெஞ்சினாள். வேண்டா கேட்கவில்லை. திறந்த வாயோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் ரேணுகா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"பாத்துட்டேன்க்கா" என்று அவள் சொன்ன பிறகுதான் வேண்டா வாயை மூடினாள்.